சொட்டுச் சத்தத்தை நீக்கியவர்

என் அத்தான் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கூரையே பிய்த்துக்கொண்டு விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுகிறது என்று உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷம்" என்பார். அந்த அஞ்சு நிமிஷத்துக்குள் என் அக்கா ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிட்டாள். இப்படிப்பட்ட மனிதர்தான் ஊரில் இருக்கிற வீடுகளை எல்லாம் ஒழுங்காக நடத்த உதவுகிறேன் என்று கம்பெனி ஆரம்பித்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன், எனக்கு உள்விவரம் தெரியும்.

கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கத்தல் கிடையாது, சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட உப்பில்லாமலே சாப்பிட்டுவிடுவார். உப்பு ஜாடி அடுப்பங்கரையில் இருக்கிறது, அதற்கு எழுந்திருக்க வேண்டுமே. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். தலையாட்டுவதோடு அந்த விஷயம் முடிந்தது என்று மனதார நம்புகிறவர்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"ஒரு வருஷம் லீவு போட்டிருக்கேன். சம்பளம் இல்லாத லீவு. சொந்தமா ஒரு கம்பெனி ஆரம்பிக்கப் போறேன்."

அக்கா கரண்டியை வைத்தாள். "என்ன கம்பெனி?"

"வீட்டைப் பார்த்துக்கறதுக்கு. ஜனங்களுக்கு எதை எப்போ செய்யணும்னு மறந்துபோகுது. ஃபில்டர் கழுவணும், டேங்க் கழுவணும், கேஸ் டியூப் மாத்தணும், ஃபேன் துடைக்கணும். நாம ஞாபகப்படுத்தறோம்."

"ஜனங்களுக்கு மறக்கலைங்க. எல்லாம் ஞாபகம் இருக்கு. எழுந்திருக்கத்தான் மாட்டேங்கறாங்க."

அத்தான் சாப்பிடுவதை நிறுத்தினார். முகம் மலர்ந்தது. "நல்ல பாயின்ட்" என்று இடது கையால் போனை எடுத்துக் குறித்துக்கொண்டார். தன்னைத்தான் சொல்கிறாள் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. எனக்குப் புரையேறிவிட்டது.

கம்பெனிக்கு 'கவலைவிடு' என்று பெயர். ஆபீஸ் எது என்றால் அக்கா வீட்டு முன்னறைதான். சாப்பாட்டு மேஜையை அதற்குத் தூக்கிக்கொண்டு போனதால் வீட்டில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். சுற்றுகிற நாற்காலி ஒன்று வந்தது. அத்தான் அதில் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து எழுந்திருக்காமலே நாலு திசையும் பார்க்கிற வசதி அவருக்குக் கிடைத்துவிட்டது. கூட்டாளி ஒருவன் வந்தான். எலும்பும் தோலுமாக இருப்பான், பையிலிருந்து எப்போதும் ஏதாவது ஒயர் தொங்கிக்கொண்டிருக்கும், அதனால் நாங்கள் வைத்த பெயர் 'ஒயர்'. அவன்தான் பெட்டி செய்கிறவன்.

பெட்டி என்றால் சோப்பு டப்பா அளவுதான். அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிட வேண்டியது. வீட்டில் என்னென்ன இருக்கிறது, எது பழுதாகியிருக்கிறது என்று போனில் ஒருமுறை சொல்லிவிட்டால், எதை எப்போது கவனிக்க வேண்டுமோ அப்போது அதுவே வாய்விட்டுச் சொல்லும். வேலையைச் செய்துவிட்டு "முடிஞ்சுது" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை என்றால் திரும்பவும் சொல்லும், முதல் தடவையைவிடக் கொஞ்சம் காரமாக.

முதலில் ஒரு ஸ்டுடியோப் பெண்ணைப் பிடித்துக் குரல் பதிந்தார்கள். தேன் ஒழுகும். "உங்கள் தண்ணீர் வடிகட்டியைச் சுத்தம் செய்ய இது இனிய தருணம்" என்பாள். தெரிந்தவர்கள் வீட்டில் எல்லாம் பெட்டியை இலவசமாக மாட்டிப் பார்த்தார்கள். ஒருவர்கூட வடிகட்டியைத் தொடவில்லை. "ரொம்ப இதமா இருக்கு சார், கேட்டுக்கிட்டே தூங்கிடறோம்" என்றார் ஒருவர். அடுத்து அத்தான் தன் குரலையே போட்டுப் பார்த்தார். அது இன்னும் மோசம். அவர் சொல்வதைக் கேட்டால் செய்து வைத்த வேலையையும் கலைத்துவிட்டு உட்காரலாம் போலிருக்கும். அந்த நாட்களில் நாற்காலி சுற்றுவதுகூட நின்றுபோயிருந்தது. அக்கா என்னிடம், "பாவம்டி, திரும்ப ஆபீஸுக்கே போயிடுவார் போல" என்றாள். அவளுக்கு அதில் வருத்தம்தான். எவ்வளவு கேலி செய்தாலும், அவர் முதல்முறையாக எதையோ ஆசைப்பட்டுச் செய்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

அப்புறம் என்ன மாயமோ, கம்பெனி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஒரு வீட்டில் மாட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். ஒயருக்குப் பெட்டி செய்து மாளவில்லை. முந்நூறு வீட்டைத் தாண்டிவிட்டது.

"என்ன அத்தான் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"குரலை மாத்தினோம்" என்றார் சாமர்த்தியமாக.

"யார் குரல்?"

"ஒரு நல்ல குரல்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

எங்கள் வீட்டிலும் ஒன்றை மாட்டுங்களேன் என்று அக்கா ஒருமுறை கேட்டாள். "இங்க எதுக்கு, அதான் நீ இருக்கியே" என்றார். அக்கா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாளா, திட்டு என்று எடுத்துக்கொண்டாளா தெரியவில்லை. குளியலறையில் போய் வாளியை மாற்றி வைத்தாள். அங்கே குழாய் மாதக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். அவள் குரலில் இனிமை என்று தேடினால் கிடைக்காது, சத்தமும் கிடையாது. திட்டுவதற்கு ஒரு படி முன்னால் நின்றுவிடுகிற குரல். "சாப்பிட்ட பிறகுதான். வெறும் வயித்துல போட்டா என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்று அவள் சொன்னால், வரிசையில் நிற்கிற முரடன்கூடச் சரிங்க என்று போய்விடுவான். கடையில் எதையும் ஒருமுறைதான் சொல்வாள். வீட்டுக்கு வந்தால் அதே குரல் சுவரில் பட்டுத் திரும்பி அவளிடமே வந்துவிடும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். எங்களோடு லென்ஸ் வெட்டுகிற பெண்ணின் புருஷன், பஸ் டிரைவர், படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். பார்க்கப் போனேன். மருந்துகளை எப்படிக் கொடுப்பது என்று அவளுக்குக் குழப்பமாக இருக்கிறது என்றதால் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா மாத்திரைகளைப் பிரித்து வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். டீ வந்தது. அப்போது அடுப்பங்கரையிலிருந்து ஒரு குரல்.

"இன்னும் ஃபில்டரைக் கழுவலையா? சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

நான் டீயை விட்டுவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா என் காதருகே குனிந்தாள். "யாருடி அது? மாமியாரா? சரியான கடுகடுப்பு."

தன் குரல் தனக்குத் தெரியாது என்பார்களே, அது நிஜம்தான். நான் திருதிருவென்று விழித்தேன். அதற்குள் கட்டிலில் கிடந்த டிரைவர், "இதோக்கா!" என்று குரல் கொடுத்தார். அவர் மனைவி சிரித்துக்கொண்டே ஃபில்டரைக் கழற்றப் போனாள்.

"அது பெட்டி. இது வந்ததுக்கப்புறம் இவர் ஆளே மாறிட்டார். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அசைய மாட்டார். அந்தக்கா ஒரு வார்த்தை சொன்னா ஓடுவார்."

"திட்டற மாதிரி இருந்தாலும் பாசமா இருக்குதுங்க" என்றார் டிரைவர் வெட்கத்தோடு. "நமக்காகத்தானே சொல்றாங்க."

அக்கா அதை ரசித்துத் தலையாட்டினாள். நான் கிளம்பலாம் என்று எழுந்தேன். டீ மிச்சம் இருக்கிறது, உட்காரடி என்றாள். பெட்டி அடுத்த வேலைக்கு வந்துவிட்டது.

"குழாய் சொட்டிட்டே இருக்கு. காதுல விழுதா இல்லையா? இல்ல, நான் வந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டணுமா?"

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் புருவம் மெல்ல ஏறியது. அந்த வார்த்தைகளை அவள் எங்கே சொன்னாள், யாரிடம் சொன்னாள், எந்தக் குழாயைப் பற்றிச் சொன்னாள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே நேரத்தில் டிரைவர், "விழுதுக்கா, விழுது!" என்று கட்டுப்போட்ட காலைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டார். மனைவி ஐயோ என்று ஓடிவந்து பிடித்தாள். வலியில் அவர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அப்போதும் பெட்டியைப் பார்த்து, "கால் சரியானதும் முதல் வேலை அதுதான்க்கா" என்று வாக்குக் கொடுக்கிறார்.

அக்கா டீயைக் கீழே வைத்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். வீடு வரை என்னால் அவள் வேகத்துக்கு நடக்க முடியவில்லை.

அத்தான் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். அக்கா அதைத் தலையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"குழாய் சொட்டுதுன்னு நான் சொன்னது அந்தப் பெட்டிக்குள்ள எப்படிப் போச்சு?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாசல் பக்கம் நழுவியிருப்பார்கள். அத்தானோ சந்தோஷப்பட்டார். வேலையைப் பற்றி வீட்டில் ஒருவர் கேட்டுவிட்டாரே!

"கேட்டியா? எங்க கேட்டே? நல்லா வந்திருக்கில்ல? இந்த மைக் எப்பவும் ஓடிட்டே இருக்கும், டெஸ்ட்டுக்கு. நீ அடுப்பங்கரையிலிருந்து பேசறது எல்லாம் விழுந்திருக்கு. ஒருநாள் சும்மா ஒண்ணை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். அன்னைக்கே நாலு வீட்ல டேங்க் கழுவிட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ நல்லா பேசணும்னு பேசுவே, கெட்டுப் போயிடும்." அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். உற்சாகம் தாங்கவில்லை. "அந்தக் குழாய் வாக்கியம்தான் உயிரை வாங்கிடுச்சு. பின்னாடி சொட்டு சத்தம் விடாம கேட்டுட்டே இருந்துச்சு. ஒவ்வொரு சொட்டா வெட்டி எடுத்தேன். ரெண்டு நாள் உட்கார்ந்தேன். இப்போ கேளு, ஒரு சொட்டு கூட இருக்காது."

"குழாயை?"

"எந்தக் குழாய்?"

குளியலறையிலிருந்து வாளிக்குள் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. மேஜைக்கு அடியில் ஒயர் எதையோ தேடுவதுபோல் குனிந்தவன் நிமிரவே இல்லை.

அத்தான் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "உன் மரியாதைக்கு ஒரு குறையும் வரலை. நீ ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாடியும் 'ஏங்க'ன்னு ஆரம்பிப்பியா, அதை மட்டும் எல்லாத்துலயும் வெட்டிட்டேன். கண்டவனையும் நீ ஏங்கன்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

அக்கா ஹெட்போனை அவர் பக்கம் தள்ளினாள். "வெட்டிட்டீங்க இல்ல, சரி" என்று உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலைந்து நாள் கழித்து மாடியில் துணி உலர்த்தும்போதுதான் என்னிடம் வாயைத் திறந்தாள். குரலைத் திருடிவிட்டார் என்று கொதிப்பாள் என எதிர்பார்த்து நானும் திட்டுவதற்குத் தயாராக வந்திருந்தேன். அவள் ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"கால் உடைஞ்ச மனுஷன் எழுந்திருக்கப் பார்த்தான்டி. நான் யாருன்னே தெரியாது அவனுக்கு. இவர் நான் சொன்னதை ரெண்டு நாள் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டிருக்கார். அத்தனை தடவை கேட்டும் எழுந்து போய் அந்தக் குழாயைச் சரி பண்ணலை."

அழவில்லை. ஆனால் அந்தச் சட்டையை அவள் பிழிந்த பிழியில் இரண்டு பொத்தான் தெறித்தது. அத்தான் சட்டைதான். எனக்கு அவள்மேல் அவ்வளவு பாவமாக இருந்தது, அவர்மேல் அவ்வளவு ஆத்திரமாக வந்தது.

வீட்டில் மௌனம் என்றால் அப்படியொரு மௌனம். "அம்மா, தேங்காய் எண்ணெய் எங்கேன்னு அப்பா கேக்கறார்" என்று பெண் போவாள். "வழக்கமா இருக்கற இடத்துலன்னு சொல்லு" என்று திரும்பி வருவாள். வழக்கமான இடம் எது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? எண்ணெய் தேய்க்காமலே திரிந்தார். சொல்ல ஆள் இல்லாததால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து டேங்க் நிரம்பி வழிந்து என் வாசலில் குளம் கட்டியது. முந்நூறு வீட்டில் என் அக்கா குரல் கணீரென்று கேட்கிறது. அவள் வீட்டில் மட்டும் அது இல்லை.

இந்த நேரம் பார்த்தா கட்டடக்காரர் வர வேண்டும்! ஊரில் அடுக்குமாடி வீடுகளாகக் கட்டித் தள்ளுகிறவர். அவர் வீட்டில் மாதிரிக்கு ஒரு பெட்டியை மாட்டியிருந்தார்கள். அது அவரையே ஆட்டிவைத்துவிட்டது போல. கட்டப்போகும் எல்லா வீட்டிலும் பெட்டி வைக்கிறேன் என்றார். ஆனால் லிஃப்ட், குப்பை, வெளிக்கதவு என்று புதிதாக நிறைய வாக்கியங்கள் வேண்டும். அதே குரல்தான் வேண்டும். அப்புறம் ஒரு குறையும் சொன்னார். "திடுதிப்புனு ஆரம்பிக்குது சார், தூக்கிவாரிப் போடுது. முன்னாடி ஒரு கூப்பிடற வார்த்தை இருந்தா நல்லா இருக்கும். அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அத்தானின் லீவு முடிய சில வாரங்கள்தான் பாக்கி. இது கைகூடினால் கம்பெனி நிற்கும். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கே நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்தம்மாவோ ஜாடையில்கூடப் பேசுவதில்லை.

என்னைத் தூது அனுப்பினார். நான் முடியாது என்றேன். கெஞ்சினார். போனேன். அக்கா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "குரலை எடுத்துக்கட்டும். அதுல எனக்கு ஒண்ணும் குறையலை. ஆனா பேசச் சொல்லி உன்னை அனுப்பியிருக்கார் பாரு, அதுக்குக்கூட அந்த நாற்காலியை விட்டு எழுந்து வரலை." திரும்பி வந்து அப்படியே சொன்னேன். அத்தான் பேந்தப் பேந்த விழித்தார். பாதி எழுந்தார். அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, அடித்தும் கொண்டேன்.

மறுநாள் குளியலறையில் ஒரே ரகளை. அத்தான் குழாயைக் கழற்றியிருக்கிறார், மெயின் வால்வை மூடாமல். தலை முதல் கால் வரை நனைந்து, ஒயர் ஓடிப்போய் வால்வை மூடி, அவரே கடைக்கு இரண்டு தடவை போய்த் தப்பான வாஷர் வாங்கி, மூன்றாவது தடவை சரியானது வாங்கி, ஒருவழியாக மாட்டிவிட்டார். சொட்டு நின்றது. அக்கா வேலையிலிருந்து வந்து கைகழுவினாள், குழாயை மூடினாள், ஒரு நொடி அதைப் பார்த்தாள், வாளியை எடுத்து வெளியே வைத்தாள். அவ்வளவுதான். அத்தான் கதவுக்குப் பின்னால் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நின்றது வீண். இப்போது வீட்டில் அந்தச் சொட்டுச் சத்தமும் இல்லை.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் கடை விட்டு வந்து ஏதோ கேட்க முன்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். அத்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வேலை ஏதும் செய்வதாகத் தெரியவில்லை. ஒயர் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான். பிறகு அவனே இன்னொரு ஹெட்போனை என் காதில் கொடுத்தான்.

"ஏங்க."

கொஞ்சம் இடைவெளி.

"ஏங்க."

"ஏங்க!"

"ஏ…ங்க."

வெட்டியதை எல்லாம் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாராம் மனிதர். இப்போது அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துப் போட்டுக் கேட்கிறார். வாக்கியம் எதுவும் இல்லை, வெறும் அழைப்பு மட்டும். ஒன்று கை வேலையாக இருக்கும்போது கூப்பிட்டது. ஒன்று தலைவலியோடு. ஒன்றில் சிரிப்பு இருந்தது, என்ன வேடிக்கையைக் காட்டக் கூப்பிட்டாளோ. ஒன்றில் பயம் இருந்தது, பெண்ணுக்குக் காய்ச்சல் அடித்த சமயமாக இருக்கலாம். ஒன்றுக்குப் பின்னாலும் அவருடைய பதில் காதில் விழவில்லை. சொல்லியிருந்தால்தானே பதிந்திருக்கும்.

"ஒண்ணுத்துக்குக் கூட நான் என்னன்னு கேக்கலை" என்றார் கண்ணைத் திறக்காமல். "இந்த மைக்ல என் குரல் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுது." அது என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அஞ்சு நிமிஷம்தான், வேறென்ன. அவரைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை, இது என் வாழ்க்கையில் மிக அபூர்வமாக நடக்கிற விஷயம்.

கட்டடக்காரர் குறித்த நாள் வந்தது. மாலையில் போன் செய்தார். அத்தான் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். நானும் ஒயரும் சுவரோரம் நின்றோம். பின்பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சார், அந்தம்மா சம்மதிச்சாங்களா?"

ஒயர் ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினான். ஒரு சின்னப் பொய்தானே, அப்புறம் சமாளித்துக்கொள்ளலாம். அத்தான் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றார். "இன்னும் கேக்கவே இல்லை. கேக்கறதுக்கு முன்னாடி நான் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கு."

"இதென்ன சார் பதில்? எனக்கு வேற ஆளுங்களும் வந்து நிக்கறாங்க. ஆமாவா, இல்லையா, இப்பவே ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொல்லப் போற அந்த ஒரு வார்த்தையிலதான் இந்த மொத்த…"

"ஏங்க."

அடுப்பங்கரையிலிருந்து வந்தது. ஹெட்போனிலிருந்து இல்லை. சத்தமாகக்கூட இல்லை. வெளியே டேங்க் நிரம்பிச் சுவரில் தண்ணீர் வழிகிற சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. அக்கா மோட்டார் என்றுகூடச் சொல்லவில்லை.

"என்னம்மா?" என்றார் அத்தான். சொல்லும்போதே எழுந்துவிட்டார். எழுந்தார் என்றால் நம்புங்கள், சுவரோரம் நின்ற எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு, ஒயரின் ஒயரில் கால் மாட்டி இழுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் பின்பக்கம் ஓடினார். நாற்காலி பின்னால் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. போனில் கட்டடக்காரர், "ஹலோ? ஹலோ?" என்று கூவுகிறார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். சுற்றிக்கொண்டிருந்த நாற்காலியைக் கையால் பிடித்து நிறுத்தினாள். அதில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அவர் மோட்டார் நிறுத்தப் போயிருக்காருங்க. என்ன விஷயம்னு என்கிட்ட சொல்லுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தடாலென்று நகர்கிற சத்தம். ஊரையே இடித்துக் கட்டுகிற மனிதர், எழுந்து நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன்.

"அக்கா! ஃபில்டர் காலையிலேயே கழுவிட்டேன்க்கா!"

ஒயர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நல்லது" என்றாள், மருந்துக்கடையில் சொல்வதுபோல. அவர் லிஃப்ட், குப்பை, கதவு எல்லாவற்றையும் குழறிக்குழறிச் சொல்லி முடித்தார். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"பேசித் தர்றேன். மைக்கை மறைச்சு வெச்சு இல்ல, நானே உட்கார்ந்து பேசறேன். என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். கம்பெனியில என் பேரும் இருக்கும், அதை வீட்ல நான் பேசிக்கறேன்."

"சரிக்கா. அந்தக் கூப்பிடற வார்த்தை மட்டும்… இப்போ சொன்னீங்களேக்கா, ஏங்கன்னு. அது பிரமாதமா இருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி அதையே போட்டுட்டா…"

"அது கிடையாது."

"ஏன்க்கா, சின்ன வார்த்தைதானே?"

"நாலு தடவை மணி அடிக்க வெச்சுக்குங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க, கூப்பிடறேன். இது ஒருத்தருக்குத்தான்."

பின்கதவில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. கடைசி வாக்கியத்தைக் கேட்டார் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அழுகிறாரா, டேங்க் தண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, எனக்கும் அந்த நேரத்தில் கண் சரியாகத் தெரியவில்லை. அவர் பழக்க தோஷத்தில் நாற்காலியை நோக்கி இரண்டு அடி வைத்தார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "ஏங்க, உட்காராதீங்க" என்றாள். "தரையெல்லாம் ஈரம். போய்த் துணி எடுத்துட்டு வாங்க."